புறநகர்த் தெருவும் குற்றக் கணக்கும்

சென்னைக்குத் தெற்கே, மின்சார ரயில் செல்லும் பாதையை ஒட்டி அமைந்த குடியிருப்பு ஒன்றில் நான் முப்பது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிற்று. அதன் பின்னரே அப்பாதையின் இரு மருங்கிலும் இருந்த வயல்களும் தோப்புகளும் ஒவ்வொன்றாக மனைகளாக மாறின. நான் குடிவந்த நாளில் எங்கள் தெருவில் பதினொரு வீடுகளே இருந்தன. மழைக்காலத்து இரவுகளில் தவளைகளின் ஓசை உறங்க விடாது. இன்று வீடுகள் நாற்பதுக்கு மேல். அவற்றோடு இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களும் உள்ளன. தவளைகள் மட்டும் போய்விட்டன.

2023ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையின்போது எங்கள் தெருவின் கோடி வீட்டில் களவு நிகழ்ந்தது. வீட்டார் சொந்த ஊருக்குச் சென்றிருந்தனர். திரும்பி வந்து பார்த்தபோது பின்கதவின் தாழ்ப்பாள் பெயர்க்கப்பட்டிருந்தது; பீரோவில் இருந்த நகையும் வெள்ளிப் பாத்திரங்களும் காணப்படவில்லை. அவர்கள் இல்லாத அந்நாள்களில் வாசல் விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. நாளேடுகள் மூன்றும், இரண்டு பால் பைகளும் வாயிற்கதவின் உட்புறத்தில் கிடந்தன. நாள்தோறும் காலையில் நடைப்பயிற்சிக்கு அவ்வழியே செல்லும் நான் அவற்றைக் கண்டேன். கண்டும் ஒன்றும் எண்ணாமல் நடந்து சென்றேன்.

மறுநாள் மாலை குடியிருப்போர் நலச் சங்கம் கூடிற்று. “குற்றம் பெருகிவிட்டது, ஐயா! இனி இங்கே குடியிருக்க முடியாது” என்றார் ஒருவர். அனைவரும் தலையசைத்தனர். “எவ்வளவு பெருகிற்று? எந்த ஆண்டோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்?” என்று நான் கேட்டேன். கல்யாண வீட்டில் கணக்கு வாத்தியாரைப் பார்ப்பது போல அனைவரும் என்னைப் பார்த்தனர். ஆயினும் அக்கேள்வி தேவையான கேள்வியே. அதற்கு விடை காண்பது எவ்வாறு என்பதையே இன்று மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

குற்ற விகிதம் என்பது யாது? ஓர் இடத்தில் ஓராண்டில் பதிவான குற்றங்களின் எண்ணிக்கையை அவ்விடத்து மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சத்தால் பெருக்கினால் வருவதே அது. ஐந்து லட்சம் மக்கள் வாழும் ஒரு நகரில் 600 களவுகளும், ஐம்பதாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் 80 களவுகளும் நிகழ்ந்தன என்று கொள்வோம். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் நகரமே தீயது என்பார். வகுத்துப் பார்த்தாலோ, நகரில் லட்சத்துக்கு 120, சிற்றூரில் 160. இவ்வளவும் எட்டாம் வகுப்புக் கணக்கே. ஆனால் வகுக்கும் எண் சிறிதாகச் சிறிதாக விடை ஊசலாடும் என்பதையும் மறத்தல் ஆகாது. ஒரு தெருவில் சென்ற ஆண்டு ஒரு களவு, இவ்வாண்டு இரண்டு என்றால், “குற்றம் நூறு விழுக்காடு உயர்ந்தது” என்று தலைப்பிட்டு எழுதிவிடலாம். அது பொய்யும் அன்று. அதனால் அறியத் தக்கது ஒன்றும் இல்லை.

வகுக்கும் எண்ணிலேயே வேறொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டில் முழுமையாக நடந்து முடிந்து எண்கள் வெளியான கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011ஆம் ஆண்டினது. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அவ்வாண்டு நடைபெறவில்லை. ஆகவே பின்வந்த ஆண்டுகளின் மக்கள்தொகை மதிப்பீடாகவே கொள்ளப்படுகிறது. பழைய நகரின் நடுப்பகுதி பெரிதும் மாறாதிருக்கலாம். புறநகரோ ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறது. உண்மையில் வாழ்வோர் மிகுதியாகவும், கணக்கில் உள்ளோர் குறைவாகவும் இருந்தால் விகிதம் தானே உயர்ந்து தோன்றும். எல்லைகளும் அடிக்கடி மாறுகின்றன. செங்கற்பட்டு 2019இல் தனி மாவட்டமாயிற்று. தாம்பரம், ஆவடி என்னும் இரு மாநகரக் காவல் ஆணையரகங்கள் 2022 ஜனவரி முதல் நாள் செயற்படத் தொடங்கின. வகுப்பை இரண்டாகப் பிரித்த பின், பிரிவதற்கு முந்தைய சராசரி மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு ஆசிரியரைக் கடிந்துகொள்ள முடியுமா? அதுபோன்றதே இதுவும்.

இதனினும் பெரிய செய்தி பதிவு பற்றியது. நடந்த குற்றம் வேறு. பதிவான குற்றம் வேறு. கோடி வீட்டார் காவல் நிலையத்துக்குச் சென்றபோது முதலில் அவர்களுக்குக் கிடைத்தது முதல் தகவல் அறிக்கை அன்று, சி.எஸ்.ஆர். என்று வழங்கும் மனு ரசீதே கிடைத்தது. மனு ரசீது என்பது புகாரைப் பெற்றுக்கொண்டமைக்கு அடையாளம் மட்டுமே. ஆண்டுதோறும் வெளிவரும் குற்றப் புள்ளிவிவரத்தில் இடம் பெறுவது முதல் தகவல் அறிக்கையாகப் பதிவான வழக்கே. புகாரில் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் வெளிப்படுமானால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீரவேண்டும் என்று 2013ஆம் ஆண்டில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்துள்ளது. அதை எடுத்துக் கூறி, அவ்வீட்டார் இரண்டாம் முறை சென்ற பின்னரே வழக்குப் பதிவாயிற்று. மூன்றாம் முறை நடக்க இயலாதவர் எத்தனை பேரோ! அவர்கள் இழந்தவை புள்ளிவிவரத்தில் நிகழாதவையே.

ஆகவே, பதிவு ஒழுங்காக நடைபெறும் இடத்தில் விகிதம் உயர்ந்தும், புகார் கொடுப்போரைத் திருப்பி அனுப்பும் இடத்தில் விகிதம் தாழ்ந்தும் தோன்றக்கூடும். எழுத்தறிவு மிக்க கேரளத்தின் மொத்தக் குற்ற விகிதம் பல ஆண்டுகளில் நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாக இருந்துள்ளது. அங்கே செல்ல எவரும் அஞ்சுவதில்லை. குற்றம் பெருகுதலும் குற்றப் பதிவு பெருகுதலும் வெவ்வேறு என்பதை, 1953ஆம் ஆண்டு முதல் ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்னும் பெயரில் வெளிவரும் அரசின் ஆண்டறிக்கையே எடுத்துரைக்கிறது. மேலும், ஒரே நிகழ்ச்சியில் பல குற்றங்கள் நடந்து ஒரே வழக்காகப் பதிவானால், அவற்றுள் மிகக் கொடியது ஒன்றே அவ்வறிக்கையில் எண்ணப்படும். வீடு புகுந்து திருடியவன் கொலையும் செய்திருந்தால் கணக்கில் ஏறுவது கொலை மட்டுமே.

குற்றங்களின் பெயர்களையும் மாணவர்கள் கலந்து வழங்கலாகாது. பிறர் உடைமையை அவர் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துச் செல்வது திருட்டு. அத்திருட்டுக்காக அடிப்பதோ, உடனே தீங்கு நேரும் என்று அச்சுறுத்துவதோ சேர்ந்தால் அது கொள்ளை. ஐவர் அல்லது அவரினும் மிக்கோர் கூடிச் செய்தால் கூட்டுக்கொள்ளை. ‘கன்னக்களவு’ என்ற சொல், மண்சுவரில் கன்னக்கோலால் துளையிட்டு நுழைந்த பழங்காலத்து நினைவு. இன்று சுவரைத் துளைப்பவர் அரியர், சொல் மட்டும் காவல் நிலையத்தில் நிலைத்துவிட்டது. கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடும் பறிப்புக் குற்றத்துக்கு 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் தனிப் பெயர் இல்லை. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு அதைத் தனிக் குற்றமாக்கிற்று. இனி வரும் பட்டியல்களில் பறிப்பு என்னும் பத்தி புதிதாகத் தோன்றுவதைக் கண்டு, அக்குற்றமே புதிதாகத் தோன்றிவிட்டது என்று எவரேனும் கூறினால் நீங்கள் நகைக்கலாம்.

இனி, நாம் எதற்கு அஞ்சுகிறோம் என்பதைப் பார்ப்போம். 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான கொலை வழக்குகள் 28,522. அவற்றுள் ஏதேனும் ஒரு தகராறு காரணமாக நிகழ்ந்தவை 9,962. பொருளாசையால் நிகழ்ந்தவை இரண்டாயிரத்துக்கும் குறைவு. பாலியல் வன்கொடுமை வழக்குகளிலோ, நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே அறிமுகமானவர். இருளில் பதுங்கி நிற்கும் அயலானைக் காட்டிலும், வீட்டின் உள்ளேயும் உறவிலும் அறிந்தவரிடத்தும் தீங்கு மிகுதியாக வாழ்கிறது. சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்ல முயன்றேன்; எவரும் விரும்பவில்லை. அதே 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். கொலையுண்டோரைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. எங்கள் பகுதியில் பெருஞ்சாலையைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் சிறுவர்களுக்காக எந்தச் சங்கமும் அவசரக் கூட்டம் கூட்டியதை நான் கண்டதில்லை.

களவு அச்சத்துக்கு உரியது அன்று என்பது என் கருத்தாகாது. கோடி வீட்டு அம்மையார் ஓராண்டு வரை பின்கட்டில் தனியே நிற்க அஞ்சினார். இழந்த நகையைக் காட்டிலும் தம் வீட்டினுள் அயலான் ஒருவன் நடமாடினான் என்னும் எண்ணமே அவரை வருத்திற்று. ஆகவே களவு எப்போது, எங்கே நிகழ்கிறது என்று அறிவது தேவை. 1979ஆம் ஆண்டில் லாரன்ஸ் கோகன், மார்க்கஸ் பெல்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் எளிய கருத்து ஒன்றை வெளியிட்டனர். களவாட எண்ணம் கொண்டவன், எடுத்துச் செல்லத் தக்க பொருள், காப்பவர் இன்மை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் கூடும்போதே களவு நிகழ்கிறது என்பது அக்கருத்து. திருடனின் உள்ளத்தை மாற்றுவது நெடுங்காலப் பணி. காப்பவர் இன்மையை மாற்றுவது நம் கையில் உள்ளது. கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் புறநகர் வீடு முற்பகல் முதல் பிற்பகல் வரை வெறிச்சோடிக் கிடக்கிறது. நள்ளிரவில் குழலூதிக்கொண்டு வரும் கூர்க்காக் காவலருக்கு மாதந்தோறும் பணம் கொடுக்கிறோம். நண்பகலுக்கு யார் காவல் என்று கேட்பதில்லை.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் கிர்க்ஹோல்ட் என்றொரு குடியிருப்பு உண்டு. ஏறக்குறைய 2,300 வீடுகள் கொண்டது. 1980களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடும் குற்றம் அளவு கடந்திருந்தது. காவல் துறையினரும் பல்கலைக்கழக அறிஞர்களும் அதிகாரிகளும் கூடி, களவு கொடுத்தவர்களையும் அண்டை வீட்டாரையும், பிடிபட்ட திருடர்களையும்கூட நேரில் கண்டு வினவினர். இரண்டு உண்மைகள் புலப்பட்டன. காசு போட்டால் இயங்கும் மின்சார, எரிவாயு அளவுமானிகள் பல வீடுகளில் இருந்தன. திருடனுக்கு அவை உண்டியல்களாகவே விளங்கின. ஒருமுறை களவு போன வீட்டில் மறுபடியும் களவு போகும் வாய்ப்பு மற்ற வீடுகளைவிட மிகுதி என்பது மற்றொன்று. திருடன் வழியை அறிந்துகொண்டான். மாற்றுப் பொருள் வாங்கி வைப்பார்கள் என்பதையும் அறிவான்.

அவர்கள் செய்தது என்ன? காசு அளவுமானிகளை அகற்றினர். களவு போன வீடுகளின் கதவு, சன்னல், பூட்டு ஆகியவற்றை உடனே வலுப்படுத்தினர். குடியிருப்பு முழுவதற்கும் பெரியதோர் அமைப்பை ஏற்படுத்துவதற்கு முன், களவு போன வீட்டைச் சூழ்ந்துள்ள ஐந்தாறு வீட்டாரை மட்டும் அவ்வீட்டின்மேல் கண் வைத்திருக்குமாறு வேண்டினர். பட்டுப்புழுவைக் கூடு சூழ்வது போன்ற காவல் என்று அதற்குப் பெயரிட்டனர். திட்டத்துக்கு முந்தைய ஆண்டில் 526 ஆக இருந்த களவுகள் மூன்றாம் ஆண்டில் 132 ஆகக் குறைந்தன. திருடர் பக்கத்து ஊருக்குப் போயிருப்பர் என்று நீங்கள் ஐயுறலாம். ஆய்ந்தவர்களும் அவ்வாறே ஐயுற்றுப் பார்த்தனர். சுற்றுப்புறத்தில் அதற்கு ஈடான உயர்வு காணப்படவில்லை. பின்னர்ப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், ஒரு வீட்டில் களவு நிகழ்ந்தால் அடுத்த சில வாரங்கள் அதன் அண்டை வீடுகளுக்கும் இடர் மிகுதி என்று கண்டன. அச்சத்துக்கும் ஒரு காலமும் இடமும் உண்டு என்பது இதனால் விளங்குகிறது.

நம்மூர் வீடுகளில் முன்பு திண்ணை இருந்தது. முதியவர் அதில் அமர்ந்திருப்பார், தெருவில் புதிய முகம் வந்தால், “யாரப்பா, யார் வீட்டுக்கு?” என்பார். அது வரவேற்பும் ஆயிற்று, காவலும் ஆயிற்று. தெருவைக் காப்பவை தெருவை நோக்கும் கண்களே என்று ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அம்மையார் 1961ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெருநகரங்களைப் பற்றிய நூலில் விரிவாக எழுதினார். நாமோ திண்ணையை இடித்து எட்டடி மதில் எழுப்பினோம். மதிலைத் தாண்டும் வரைதான் திருடனுக்குத் தொல்லை. தாண்டிய பின் அம்மதில் அவனுக்கே அரணாகிறது. கண்காணிப்புக் கேமரா பயனற்றது என்று கூற மாட்டேன். நடந்ததைப் பின்னர்க் காட்டுவதில் அது வல்லது. “யாரப்பா” என்று கேட்கத் தெரியாதது.

கேட்பதிலும் முறை உண்டு. அதைப் பற்றிச் சொல்லாமல் இப்பேச்சை முடித்தல் நேர்மையாகாது.

களவு நிகழ்ந்த பத்தாம் நாள் இரவு, பதினொரு மணி இருக்கும். தெருவில் கூச்சல் கேட்டு வெளியே வந்தேன். இளைஞன் ஒருவனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தனர். வீட்டு எண்களை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டே வண்டியை மெல்லச் செலுத்தி வந்தானாம். அதுவே அவன் குற்றம். வண்டிச் சாவியைப் பறித்திருந்தார்கள். ஒருவன் கன்னத்தில் அறைந்திருந்தான். உதட்டில் இரத்தம் கசிந்தது. அவன் பின்னே, வண்டியின் இருக்கையில், உணவு நிறுவனத்தின் பெரிய பை இருந்தது. எங்கள் தெருவின் பழைய கதவெண்ணுக்கும் புதிய கதவெண்ணுக்கும் உள்ள குழப்பத்தில் வழி தேடிக்கொண்டிருந்தான். பகலில் கல்லூரியில் படித்து இரவில் உணவு கொண்டு தருபவன். உணவை வரவழைத்தவர் அக்கூட்டத்திலேயே நின்றிருந்தார். அறைந்தவன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்தவன்.

சட்டம் இது பற்றித் தெளிவாகவே உள்ளது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கதும் பிணையில் விடத் தகாததுமான குற்றத்தைத் தம் கண்ணெதிரே செய்பவரையும், தேடப்படும் குற்றவாளியென அறிவிக்கப்பட்டவரையும் மட்டுமே பொதுமக்கள் பிடிக்கலாம். பிடித்தால், வீண் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும். அடிப்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. வீட்டு எண்ணைப் பார்ப்பது எந்தச் சட்டத்திலும் குற்றம் அன்று. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்காகச் சென்னையிலிருந்து உறவினரோடு வந்திருந்த முதிய பெண்மணி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார் என்பதற்காகக் குழந்தை கடத்துபவர் என்று எண்ணப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். கைப்பேசியில் பரவிய வதந்தியைத் தவிர வேறு காரணம் அங்கே இல்லை. எங்கள் தெரு அந்த எல்லை வரை செல்லவில்லை. ஆனால் சென்ற வழி அதுவே.

அவ்விளைஞனை என் வீட்டுக்கு அழைத்து வந்து தண்ணீர் கொடுத்தேன். “புகார் கொடு, நான் சாட்சி சொல்கிறேன்” என்றேன். “வேண்டாம் சார். ஸ்டேஷனுக்குப் போனால் நாளைக்கும் வேலை போய்விடும்” என்று கூறிச் சாவியைப் பெற்றுக்கொண்டு சென்றான். அவ்வாண்டு எங்கள் தெருவில் மனிதர் ஒருவர்மேல் கை வைத்த குற்றமாக நான் அறிந்தது அது ஒன்றே. அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அதன் பிறகு சங்கம் மற்றொரு முறை கூடிற்று. பேச்சு முன்போல் உரத்து நடக்கவில்லை. பழைய எண்களை அழித்து எல்லா வீடுகளிலும் புதிய எண்களை எழுதுவது என்று முடிவாயிற்று. எரியாதிருந்த நான்கு தெருவிளக்குகளுக்காக மாநகராட்சிக்கு மனு எழுதினோம், மூன்று எரிகின்றன. ஊருக்குச் செல்வோர் காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுச் செல்வதும், ரோந்து வரும் காவலர் கையெழுத்திடப் பட்டாப் புத்தகத்தை வாயிலில் தொங்கவிடுவதும் வழக்கத்துக்கு வந்தன. வீட்டுக்கு இருபுறமும் எதிரிலும் உள்ளவர்கள் தம்முள் கைப்பேசி எண்களைப் பகிர்ந்துகொண்டனர். அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098, இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்னும் எண்களைச் சங்கப் பலகையில் எழுதி வைத்தோம். இறுதியாகச் சொன்ன எண் எம் போன்ற ஓய்வூதியர்க்கு மிகவும் தேவையானது. தம்மைக் காவல் அதிகாரி என்று கூறிக்கொண்டு, காணொளி அழைப்பிலேயே “கைது” செய்யும் புதுவகைத் திருடன் மதில் ஏறுவதில்லை. அவ்வாறு ஒரு கைது நம் சட்டத்தில் இல்லவே இல்லை.

என்னிடம் படித்த அந்தப் பையன் சில வாரங்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஒரு நாள் தானாகவே வந்து, அந்த இளைஞனின் கைப்பேசி எண் கிடைக்குமா என்று கேட்டான். உணவை வரவழைத்தவரிடம் கேட்டுப் பார்த்தோம். அழைப்பு வேறோர் எண்ணின் வழியாகவே வந்ததாம், கிடைக்கவில்லை. இன்றும் இரவில் உணவு வண்டி தெருவில் நுழைந்தால் அவன் மாடியிலிருந்து எட்டிப் பார்க்கிறான்.

சென்ற ஆண்டு தீபாவளிக்குக் கோடி வீட்டார் மறுபடியும் ஊருக்குச் சென்றனர். நடைப்பயிற்சியின்போது அவர்கள் வாயிலில் கிடந்த நாளேட்டை நான் எடுத்து வந்து எங்கள் கூடத்தில் வைத்தேன். ஐந்து நாள், ஐந்து நாளேடுகள். திரும்பி வந்த அன்று மாலை அம்மையார் அவற்றை வாங்கிக்கொள்ள வந்தபோது ஒரு டப்பா அதிரசமும் கொண்டு வந்தார்.